பஸ்ஸில் தொலைந்த பதிவுகள்



தாபரிப்பு வழக்குகள் பற்றிய கட்டுரையின் இரண்டாம் பகுதியை இம்மாதம் தருவதாகச் சொல்லியிருந்தேன். தர முடியவில்லை. எழுதி வைத்திருந்த கட்டுரை, அது இருந்த மடிக்கணினியோடு சேர்ந்து களவு போய்விட்டது. கட்டுரையைத் திரும்ப எழுதலாம். அந்தக் கணினிக்குள் இருந்த மற்றவற்றைப் பற்றித்தான் இம்முறை உங்களோடு கதைக்க வேண்டியிருக்கிறது. அவற்றில் பெரும்பகுதி எனக்குச் சொந்தமானவை அல்ல. உங்களைப் போன்ற பெண்கள் என்னை நம்பிச் சொன்னவை.

முல்லைத்தீவிலிருந்து வவுனியா வரும் பின்னேர பஸ். மூன்று நாள் களவேலை முடித்து வந்த களைப்பு. லப்டொப் பையைத் தலைக்கு மேலே இருந்த தட்டில் வைத்துவிட்டு, மாங்குளம் தாண்டியதும் கண்ணயர்ந்து விட்டேன். ஓமந்தையில் விழித்துப் பார்த்தபோது தட்டில் யாருடையதோ ஒரு வாழைக்குலை மட்டும் இருந்தது. நடத்துநர் பாவம், "இடையில கனபேர் இறங்கினவை மிஸ், ஆரெண்டு பாக்கிறது?" என்றார். மடிக்கணினி என்று பெயரிலேயே மடி இருக்கிறதே, மடியில் வைத்திருந்தால் போயிருக்குமா என்று வீட்டில் அம்மா கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அதனுள் 64 பெண்களின் விபரங்கள் இருந்தன. பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி இலக்கம், வங்கிக் கணக்கு இலக்கம், கணவர் இறந்தாரா, காணாமலாக்கப்பட்டாரா, விட்டுப் போனாரா, வீட்டில் எத்தனை பேர், எந்தக் கம்பனியில் எவ்வளவு கடன் என்ற எல்லாம். அவர்களில் ஒன்பது பேர் வீட்டு வன்முறை தொடர்பாக எங்களிடம் வந்தவர்கள். அவர்கள் அழுது சொன்னவற்றை நான் அப்படியே தட்டச்சு செய்து வைத்திருந்தேன். இன்னும், காணாமல்போன பிள்ளைகளின் படங்கள். பதினொரு தாய்மார் தந்த பழைய படங்களை ஸ்கான் பண்ணி வைத்திருந்தேன்.

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு எழுதிய உத்தியோகத்தர் முதலில் கேட்டது கணினியின் தொடர் இலக்கத்தை. எனக்குத் தெரியவில்லை. கணினியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் சிறு தாளிலும், வாங்கிய பெட்டியிலும் அந்த இலக்கம் இருக்கும். அது இல்லாமல் "கறுப்பு நிற லப்டொப்" என்று சொன்னால் நாட்டில் உள்ள பாதி லப்டொப்புகள் கறுப்புத்தான். அடுத்த நாள் அலுவலகத்து அலுமாரியில் பெட்டியைத் தேடியெடுத்து, இலக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். உங்கள் பிள்ளைகளிடம் கணினி இருந்தால் இன்றைக்கே அந்த இலக்கத்தைக் கொப்பியில் எழுதி வையுங்கள். கைத்தொலைபேசிக்கு ஐ.எம்.ஈ.ஐ. இலக்கம் என்று ஒன்று உண்டு. *#06# என்று அழுத்தினால் திரையில் வரும். அதையும் எழுதி வையுங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விளங்காத மொழியில் எழுதியிருந்தால் வாசித்து விளங்கப்படுத்தாமல் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள்.

அன்றிரவு எனக்கு உதவியது எங்கள் ஒழுங்கையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் தம்பி ஒருவர். "பாஸ்வேர்ட் போட்டுத்தானே வைச்சிருந்தனான்" என்று நான் சொன்னதும் அவர் சிரித்துவிட்டார். திறக்கும்போது கேட்கும் கடவுச்சொல் வீட்டின் முன் கதவு மாதிரி. கணினியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஹாட் டிஸ்க்கை எடுத்து வேறு கணினியில் பூட்டினால், முன் கதவைத் தொடாமலே எல்லாவற்றையும் வாசிக்கலாம். டிஸ்க்கில் உள்ள எழுத்துகளையே பிறருக்கு விளங்காத குறிகளாக மாற்றி வைத்தால்தான் அதை வாசிக்க முடியாது. குறியாக்கம் என்பது இதுதான். விண்டோஸின் புரோ பதிப்பில் பிட்லொக்கர் என்ற பெயரில் அந்த வசதி இருக்கிறது. புதிய கணினிகள் பலவற்றில் சாதாரண பதிப்பிலும் அதற்கொரு வழி உண்டு. வெராகிரிப்ட் என்பது இலவசமாகவே கிடைக்கிறது. என் கணினியில் அந்த வசதி இருந்தும் நான் அதைப் போட்டிருக்கவில்லை. நான்கு வருடம் தினமும் திறந்து மூடிய கணினி. இது என் பிழை. போதாக்குறைக்குக் கடவுச்சொல்லையும் ஒரு துண்டில் எழுதி, லப்டொப் பையின் உட்பையில்தான் வைத்திருந்தேன்.

அந்தத் தம்பி சொன்னபடி என் தொலைபேசியிலிருந்தே சில காரியங்களைச் செய்தோம். முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்றினோம். மற்ற எல்லாக் கணக்குகளின் திறப்பும் மின்னஞ்சல் வழியாகத்தான் வரும் என்பதால் அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும். பிறகு கூகுள் கணக்கில் பாதுகாப்பு என்ற பகுதிக்குப் போய், எந்தெந்தக் கருவிகளில் என் கணக்குத் திறந்திருக்கிறது என்று பார்த்து, களவுபோன கணினியை வெளியேற்றினோம். வட்ஸ்அப்பில் "இணைக்கப்பட்ட சாதனங்கள்" என்ற இடத்தில் என் லப்டொப்பின் பெயர் இன்னும் இருந்தது. அதாவது கணினியைத் திறப்பவர் என் செய்திகளையும் வாசித்துக்கொண்டிருக்கலாம். அதையும் நீக்கினோம். மொத்தமாக ஒரு மணித்தியாலம் கூட எடுக்கவில்லை. ஆனால் டிஸ்க்கில் இருந்த 64 பேரின் விபரங்களை அப்படித் தொலைவிலிருந்து நீக்க முடியவில்லை.

மறுநாள் அலுவலகத்தில் கூட்டம். மூத்தவர்கள் இருவர் சொன்னார்கள், களவெடுத்தவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏதாவது கடையில் விற்றிருப்பான், பெண்களுக்குச் சொல்லி ஏன் பயப்படுத்துவான் என்று. அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருக்கலாம். லப்டொப் களவெடுப்பவனுக்கு வேண்டியது காசுதான். ஆனாலும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த ஒன்பது பேரில் ஓர் அக்கா, கணவருக்குத் தெரியாமல் பிள்ளைகளோடு வேறு இடத்தில் குடியேறியவர். அவருடைய புதிய முகவரியும் பிள்ளைகளின் பாடசாலைப் பெயரும் அந்தக் கணினியில் இருந்தன. "பெரும்பாலும்" என்ற சொல்லை நம்பி அவர் நித்திரை கொள்ள வேண்டுமா? அதுவும் தனக்கே தெரியாமல்?

சமூகவியல் படித்த காலத்தில், தகவல் தருபவரின் இரகசியத்தைப் பேணுவது எப்படி என்று ஆய்வு முறையியல் பாடத்தில் பரீட்சைக்காக ஒரு பக்கம் மனப்பாடம் செய்தோம். இரகசியம் தொலைந்தால் என்ன செய்வது என்று யாரும் கேள்வி போடவில்லை.

2006 மே மாதம் 3 ஆம் திகதி அமெரிக்காவில், முன்னாள் படைவீரர்களின் நலன்களைப் பார்க்கும் அரச திணைக்களத்தின் ஊழியர் ஒருவருடைய வீட்டில் களவு போனது. அவர் வேலையை வீட்டுக்குக் கொண்டுபோனவர். போன மடிக்கணினியோடு இருந்த ஹாட் டிஸ்க்கில் 2 கோடி 65 இலட்சம் பேரின் பெயர், பிறந்த திகதி, சமூகப் பாதுகாப்பு இலக்கம் எல்லாம் குறியாக்கம் இல்லாமல் இருந்தன. திணைக்களம் அதை மக்களுக்குச் சொன்னது மே 22 இல், 19 நாள் கழித்து. ஜூன் மாத இறுதியில் கணினி கிடைத்தது. யாரும் தரவுகளைத் திறந்து பார்த்ததாகத் தெரியவில்லை என்று புலனாய்வாளர்கள் சொன்னார்கள். அப்படியிருந்தும் சனங்களின் கோபம் ஆறவில்லை. வழக்கு 2009 இல் 2 கோடி டொலர் கொடுத்துத்தான் தீர்ந்தது. களவை விட அந்த 19 நாள் மௌனம்தான் எனக்குப் பெரிய பிழையாகத் தெரிகிறது.

நமக்கு இன்னும் கிட்டிய ஒன்றும் இருக்கிறது. 2022 ஜனவரியில் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவின் தரவுகள் இணைய வழியாக ஊடுருவப்பட்டன. போரிலும் இடப்பெயர்விலும் பிரிந்த குடும்பங்கள், காணாமல்போனோர், தடுப்பில் உள்ளோர் என்று 5 இலட்சத்து 15 ஆயிரத்துக்கு மேற்பட்டோரின் விபரங்கள் அவை. பிள்ளையைத் தேடிப் பதிவு செய்தவர்களுக்கு அதன் கனம் விளங்கும். அவர்கள் அதை மறைக்கவில்லை. உடனேயே பகிரங்கமாக அறிவித்தார்கள். தொலைபேசியிலும் கடிதத்திலும் அறிவித்ததோடு, தூரத்துக் கிராமங்களுக்கு ஆட்களை நேரில் அனுப்பியும் சொன்னார்கள். உலகம் முழுக்க வேலை செய்பவர்கள் அதைச் செய்யலாம் என்றால் 64 வீட்டுக்கு எங்களால் போக முடியாதா? கூட்டத்தில் இதைச் சொன்ன பிறகுதான் சம்மதித்தார்கள்.

நானும் இன்னும் இருவரும் பிரித்துக்கொண்டு போனோம். அந்த அக்காவிடம் முதலில் போனேன். படலையிலேயே என் முகத்தைப் பார்த்து "என்ன மிஸ், ஆரும் வந்தவையோ?" என்றார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை. பிறகு, "அந்தாளின்ர ஆக்களும் அந்த ரோட்டாலதான் போய் வாறவை" என்றார். அன்றைக்கே இருவருமாகப் பாடசாலைக்குப் போய், அவரைத் தவிர வேறு யார் வந்தாலும் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம் என்று அதிபரிடம் எழுதிக் கொடுத்தோம். சிம் மாற்றினார். பக்கத்து வீட்டு அம்மாவிடமும் சொல்லி வைத்தார். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். ஊரையும் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் போடாமல் எழுதச் சொன்னார்.

மற்றவர்கள் பல மாதிரி. ஓர் அம்மா சிரித்தார். "என்ர கதை ஊருக்கே தெரியும் பிள்ளை, கள்ளனும் அறியட்டும்." இளம் தாய் ஒருவர் கோபித்தார். "இனி உங்களுக்கு நான் ஒண்டும் சொல்லமாட்டன் மிஸ்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. அது அவருடைய நியாயம். வேறொருவருக்கு இரண்டு கிழமை கழித்து ஒரு கோல் வந்தது. வீட்டுத்திட்டத்தில் உங்கள் பெயர் வந்திருக்கிறது, போனுக்கு ஓர் இலக்கம் வரும், அதைச் சொல்லுங்கள் என்று. களவோடு அதற்குத் தொடர்பு இருந்ததோ இல்லையோ, நாங்கள் முன்பே சொல்லி வைத்திருந்ததால், "எந்தக் கந்தோர்? உங்கட பேர் என்ன?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார். கோல் வெட்டுப்பட்டது. ஓ.ரி.பி. என்று வரும் அந்த இலக்கத்தை எந்த வங்கியும், எந்தத் திணைக்களமும் உங்களிடம் கேட்காது. கேட்பவர் கள்ளன்தான்.

இப்போது உங்களிடம் உள்ளவற்றுக்கு வருகிறேன். தரவுப் பாதுகாப்பு என்றதும் அது படித்தவர்களின் விடயம் என்று நினைக்க வேண்டாம். 1995 இல் யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்டபோதும், 2009 இல் வன்னியில் ஓடியபோதும் நம் பெண்கள் பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, வங்கிப் புத்தகம், கலியாணப் படம் எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் போனார்கள். அடையாள அட்டையைச் சட்டைக்குள் வைத்திருந்தார்கள். இன்றைக்கு அந்தப் பை தொலைபேசிக்குள் இருக்கிறது. ஆனால் அந்தக் கவனம் நம்மிடம் இல்லை. திரைக்குப் பூட்டு இல்லாத போன்கள் எத்தனை வீட்டில் கிடக்கின்றன!

அடையாள அட்டையைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்புவது இப்போது சாதாரணமாகிவிட்டது. அந்த இலக்கத்திலேயே உங்கள் பிறந்த நாள் இருக்கிறது தெரியுமா? பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 78 இல் தொடங்கி அடுத்து 532 என்று இருந்தால், 532 இல் 500 போக 32. வருடத்தின் 32 ஆவது நாள் பெப்ரவரி 1. ஆகவே அவர் 1978 பெப்ரவரி 1 இல் பிறந்த பெண். 2016 இலிருந்து வரும் 12 இலக்க அட்டையில் வருடம் முழுதாகவே இருக்கும். பிறந்த வருடத்தையே ஏ.ரி.எம். இலக்கமாக வைத்திருப்பவர்கள் நம்மில் ஏராளம். காசுப்பையில் அட்டையும் ஏ.ரி.எம். காட்டும் ஒன்றாக இருந்து களவு போனால் மீதியை நான் சொல்ல வேண்டியதில்லை. அடையாள அட்டைப் பிரதி கொடுக்க வேண்டி வந்தால், பிரதியின் மேல் குறுக்காக எதற்காக, எந்தத் திகதியில் கொடுத்தது என்று எழுதிக் கொடுங்கள்.

போன் தொலைந்தால் முதலில் தொலைபேசிக் கம்பனிக்குச் சொல்லி சிம்மை நிறுத்துங்கள். வங்கியின் செய்திகள் சிம்முக்குத்தான் வருகின்றன. மகனின், தம்பியின் பெயரில் எடுத்த சிம் என்றால் அவர்கள் இல்லாமல் உங்களால் அதை நிறுத்த முடியாமல் போகலாம். உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். திருத்தக் கொடுக்கும்போது படங்களை வேறிடத்தில் பிரதி எடுத்துவிட்டு, போனிலிருந்து அழித்துவிட்டுக் கொடுங்கள். மெமரி காட்டைக் கழற்றுங்கள். கடைகளிலிருந்து படங்கள் வெளியே போய், அதை வைத்துப் பெண்களை மிரட்டிய முறைப்பாடுகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படி யாராவது மிரட்டினால் காசு கொடுக்காதீர்கள், செய்திகளை அழிக்காதீர்கள். அவைதான் சாட்சி. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு எடுங்கள். அனுமதியின்றிப் பிறரின் கணினித் தரவுக்குள் நுழைவது 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றம்.

இன்னொன்று, எங்களைப் போன்றவர்களிடம் நீங்கள் கேட்க வேண்டியது. போர் முடிந்த காலத்திலிருந்து உங்கள் வீட்டு விபரங்களை எத்தனை படிவங்களில் நிரப்பியிருப்பீர்கள்? அவை எங்கே இருக்கின்றன? 2022 இல் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. நம்மைப் பற்றிய தகவலைப் பார்க்கவும், பிழையைத் திருத்தவும், அழிக்கக் கேட்கவும் அது உரிமை சொல்கிறது. அதன் பிரிவுகளை நடைமுறைப்படுத்துவது தள்ளித் தள்ளிப் போனது. ஆனால் வாய் திறந்து கேட்பதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இந்த விபரம் எதற்கு, யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள் என்று கேளுங்கள். கேட்டால் உதவி கிடைக்காது என்ற பயம் எனக்கும் தெரியும். அதனால் தனியாகக் கேட்காமல் மாதர் சங்கக் கூட்டத்தில் எல்லோருமாகச் சேர்ந்து கேளுங்கள்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது கணினியில் பெயர்கள் இல்லை. இலக்கங்கள் மட்டும். எந்த இலக்கம் யார் என்பது ஒரு கொப்பியில் இருக்கிறது, கொப்பி பூட்டிய அலுமாரியில். புதிய கணினிக்குக் குறியாக்கம் போட்டாயிற்று. அதற்கென்று ஒரு மீட்புத் திறப்பு, நீண்ட இலக்க வரிசை ஒன்று தருவார்கள். கடவுச்சொல் மறந்துபோய் அதுவும் தொலைந்தால் நமக்கே திறக்காது. ஆகவே அதையும் தாளில் எழுதி அதே அலுமாரியில் வைத்திருக்கிறோம். வன்முறை பற்றிய குறிப்புகளை பஸ்ஸில் கொண்டு திரிவதில்லை.

படங்களைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். பதினொரு தாய்மாரில் பத்துப் பேரிடம் மூலப்படம் இருந்தது. ஓர் அம்மாவின் படம் மழையில் நனைந்து மகனின் முகம் பாதி அழிந்திருந்தது. முழுதாக அழிய முன் நான் ஸ்கான் பண்ணி, முகம் தெரியத் துப்புரவாக்கி வைத்தது களவுபோன கணினியில்தான். வேறு பிரதி எடுத்து வைக்கவில்லை. ஒரு பென் டிரைவ் போதுமாயிருந்தது. மற்றவர்கள் பார்க்காமல் காப்பது மட்டும்தான் பாதுகாப்பு என்று நினைத்திருந்தேன், நம்மிடமிருந்தே தொலையாமல் காப்பதும் அதில் அடங்கும் என்று யோசிக்கவில்லை. அவரிடம் சொல்லப் போன நாள்தான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. அம்மா அழவில்லை. யோசித்துவிட்டு, "நீங்கள் எனக்குப் போனில அனுப்பின படத்தை நான் சுவிஸில இருக்கிற பெறாமகளுக்கு அனுப்பினனான் எல்லோ" என்றார். அவருடைய பழைய போன் பழுதாகி அதில் ஒன்றும் இல்லை. பெறாமகளுக்கு வைபரில் எடுத்தோம். அங்கே இரவு. தேடிப் பார்த்துவிட்டு அனுப்புகிறேன் என்றார்.

அடுத்த நாள் காலையில் படம் வந்தது. கொஞ்சம் தெளிவு குறைவு, ஆனால் முகம் முழுதாக இருந்தது. மூன்று பிரதி எடுத்தோம். ஒன்று அம்மாவிடம், ஒன்று எங்கள் அலுமாரியில், மற்றது அவர் தங்கச்சியின் வீட்டில். தாபரிப்பு வழக்குகளின் இரண்டாம் பகுதியை அடுத்த மாதம் தருகிறேன்.